பினாங்கைச் சுற்றி ஒரு மலைநாள்: நெடும்பயண மிதிவண்டிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தாய்லாந்து எல்லையிலிருந்து சிங்கப்பூர் வரை மேற்குக் கரையோரமாகச் சைக்கிளில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சமவெளிதான். அந்தத் தெம்பில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பாதை. முடிவில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல். முதல்முறையாகப் பை கட்டி மலையேறுகிறவருக்கு அது கொடுமை. அதற்குமுன் ஒரு நாள் பினாங்குத் தீவைச் சுற்றிப் பாருங்கள். சுமார் 70 கிலோமீட்டரில் சொல்லும்படியான ஏற்றம் இரண்டுதான். உங்கள் காலும் கியரும் பையும் எவ்வளவு தாங்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் நாள் மாலை: பையை நிறுத்துப் பாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்து சேருங்கள். பினாங்குப் பாலத்தில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. விடுதியில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் சுற்றத் தோன்றும். வேண்டாம். வழக்கமான சுமையோடுதான் போக வேண்டும். இந்த நாளின் பயனே அதுதான். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 12 கிலோ பை ஏற்றத்தில் 15 விழுக்காடு கூடுதல் உழைப்பைக் கேட்கும். கனமானவற்றைப் பக்கப் பைகளின் அடியில், இருபுறமும் சமமாக வையுங்கள். முன்னால் மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னால் மிகப் பெரியதும் சேரும் கியரில் செயின் சத்தமில்லாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மலையில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு கியர்தான்.

விடியுமுன் கிளம்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை நல்லது, லோரிகள் குறைவு. பினாங்கில் ஆண்டு முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழும். அதனால் ஆறரைக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு புறப்படலாம். லிட்டில் இந்தியாவில் 1833-இல் எழுந்த குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில் வாசலிலிருந்து கிளம்புவது எனக்குப் பிடிக்கும்.

வடக்கே தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி வழியாகக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். இங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால் நீங்கள் மலையை ஒட்டியே போவீர்கள். கடற்கரைச் சாலை வளைந்து வளைந்து ஏறி இறங்கும். இங்கே வேகம் காட்டினால் தெலுக் பஹாங்கிலேயே கால் ஓய்ந்துவிடும்.

தெலுக் பஹாங் ஏற்றம்

தெலுக் பஹாங் வட்டச்சாலையில் நேரே போனால் தேசியப் பூங்கா. நீங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயே தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அணைக்கட்டை நெருங்கும்போதே சாலை நிமிரத் தொடங்கும். புதியவர்கள் பெரிய கியரிலேயே முக்கி, பிறகு மாற்றப் பார்ப்பார்கள். இழுவையில் இறுகிய செயின் அப்போது நகர மறுக்கும். ஏற்றம் கண்ணில் படும்போதே மாற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு 70 சுற்றுப் பெடல் மிதித்தால் போதும். வேகம் மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு இறங்கினாலும் கவலை வேண்டாம். வாய்விட்டு ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று அவ்வப்போது சோதியுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை; நெடும்பயணத்தில் முழங்காலைவிடப் பெரிய சொத்து கிடையாது.

குரங்குகள் உண்டு. ரொட்டியோ வாழைப்பழமோ வெளியே தெரியும்படி கட்டாதீர்கள்.

உச்சியில் இரண்டு நிமிடம் நின்று மூச்சு வாங்கிய பிறகே இறங்குங்கள். மர நிழலில் வளைவுகள் ஈரமாகவே கிடக்கும். சுமை ஏறிய சைக்கிள் நிற்க நீண்ட தூரம் எடுக்கும் என்பதால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் சக்கரம் சறுக்கும். பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே இருந்தால் ரிம் சூடேறும். விட்டுவிட்டுப் பிடியுங்கள். தித்தி கெராவாங் அருவி வந்ததும் நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் சுட்டால் ஆறும்வரை உட்காருங்கள்.

பாலிக் பூலாவில் சாப்பாடு

சுங்கை பினாங்கிலிருந்து தித்தி தெராஸ் பக்கம் வயல்களுக்கு நடுவே சிறு சாலைகள் போகின்றன. பெரிய சாலையை விட்டு அதில் போங்கள். பாலிக் பூலாவ் லக்சா பேர்பெற்றது. அரை வயிறு போதும், முன்னால் இன்னோர் ஏற்றம் காத்திருக்கிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. அசாம்போய் போட்ட எலுமிச்சை ஜூஸ் ஒன்று குடியுங்கள். அந்த உலர்ந்த பழத்தின் உப்பும் சேர்ந்து உள்ளே போகும். ஜூன், ஜூலையில் டுரியான் கண்ணை இழுக்கும். மலையேறப் போகும் வயிற்றுக்கு அது ஆகாது.

இரண்டாவது ஏற்றமும் திரும்பலும்

கெந்திங் தாண்டித் தெலுக் கும்பார் நோக்கி ஏறும் பாதை முதல் ஏற்றத்தைவிடச் சின்னது. ஆனால் உச்சிவெயில். மழைக்காலத்தில் பிற்பகல் இடியும் சேரும். இடி கேட்டால் ஏதாவது ஒட்டுக்கடையில் ஒதுங்கிவிடுங்கள். அப்பால் பாயான் லெப்பாஸ், விமான நிலையம், நகர நெரிசல். குயின்ஸ்பே அருகிலிருந்து கடலோர மிதிவண்டிப் பாதை ஜார்ஜ்டவுன் பக்கம் கூட்டிவரும்.

அன்று இரவே செய்ய வேண்டியவை

உப்புக்காற்றுப் பட்ட செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைப் பாருங்கள். பிறகு பையைக் கவிழ்த்து, சுமந்தும் தொடாத பொருள்களை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பஞ்சர் சாமான், மழைச்சட்டை, மருந்து நீங்கலாக மற்றவற்றைப் பொட்டலம் கட்டி மறுநாள் தபாலில் அனுப்பிவிட்டு ஃபெர்ரி ஏறுங்கள். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் இருக்கையின் உயரத்தைச் சரிபார்த்து, தாப்பாவுக்குமுன் இரண்டு நாளாவது ஓய்வு கொடுங்கள்.