ஆள் ஒருவர், செஷன் ஐந்து

கேள்வி: ஐயா, இன்சீனில் ஒரு சரக்கு வியாபார நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் வேலை பார்க்கிறேன். கணினி கொஞ்சம் தெரியும் என்பதால், சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்திருக்கும் எங்கள் லினக்ஸ் சர்வரையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். 'லாஸ்ட்' கட்டளையில் பார்த்தால், தினந்தோறும் விடியற்காலை 2 மணிக்கு மேல் யாரோ உள்ளே நுழைகிறார்கள். 'ஹூ' கட்டளையோ, ஒரே நாற்காலியில் இருக்கும் குமாஸ்தா ஒருவரை ஐந்து இடங்களில் இருப்பதாகக் காட்டுகிறது. போன வாரம் சர்வர் திணறியபோது, சக்தியை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்த 'போஸ்ட்கிரெஸ்' என்ற ஒரே ஒரு பிராசஸை 'கில் -9' கொடுத்து நிறுத்தினேன். அடுத்த நொடியே அத்தனை பேருடைய இணைப்பும் அறுந்துபோயிற்று. ஒருவருடைய பிராசஸை நிறுத்தினால் எல்லோருக்கும் ஏன் போக வேண்டும்?
— வாசகர், இன்சீன், யாங்கோன்

பதில்: முதல் சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது. வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்கள், எந்தத் தேசத்தில் இருந்தாலும், பெரும்பாலும் உலகப் பொது நேரத்தையே அனுசரிப்பவை. பர்மாவின் நேரமோ அதைவிட ஆறரை மணி முந்தியது. ஆகவே, பதிவேட்டில் 2 மணி 10 நிமிஷம் என்று நிற்கும் நுழைவு, இன்சீனில் காலை 8 மணி 40 நிமிஷத்துக்கு, அதாவது தங்கள் குமாஸ்தாக்கள் நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு வேலையில் அமரும் வேளையில், நிகழ்ந்ததாகவே இருக்க வேண்டும். 'டேட்' என்று தட்டிப் பார்த்தால் சர்வர் எந்த நேரத்தில் வாழ்கிறது என்பது தெரிந்துவிடும். ஆனால் இதன் மறுபக்கந்தான் கவனிக்கத் தக்கது: உண்மையிலேயே அர்த்தராத்திரி 2 மணிக்கு ஒருவன் நுழைந்தால், அது முந்திய நாள் மாலை 7 மணி 30 நிமிஷம் என்று வெகு சாதுவாகப் பதிவாகியிருக்கும். தாங்கள் அஞ்ச வேண்டிய வரி அதுவே.

இப்படிப்பட்ட பதிவேடுகளைப் படிப்பது குமாஸ்தா வேலை என்று சிலர் இகழ்வதுண்டு. 1986-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிசாலையில், கணினி உபயோகக் கணக்கில் 75 சென்ட் மட்டும் உதைப்பதைக் கண்ட கிளிஃபர்ட் ஸ்டால் என்ற வான சாஸ்திரி, அற்பத் தொகைதானே என்று தள்ளிவிடாமல் அதன் காரணத்தைத் தேடிக்கொண்டே போய், மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் இருந்துகொண்டு அமெரிக்க ராணுவக் கணினிகளைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டுபிடித்தார் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம்.

இனி, ஐந்து இடங்களில் இருக்கும் குமாஸ்தாவைப் பற்றி. ஒருவர் சர்வருடன் வைத்துக்கொள்ளும் தொடர்பு செஷன். சர்வருக்குள் ஓடும் காரியம் பிராசஸ். இவ்விரண்டும் சேர்ந்தே பிறந்து சேர்ந்தே மடியும் என்று நினைப்பதிலிருந்துதான் பல குழப்பங்கள் விளைகின்றன. தங்களுக்குச் சமீபமான லைங் வளாகத்தில், 1971-இல் ஐ.சி.எல். 1902எஸ் இயந்திரத்துடன் சர்வகலாசாலைக் கணினி நிலையம் தொடங்கப்பட்ட காலத்தில், வேலையை ஒப்படைத்துவிட்டு மனிதர் வீட்டுக்குப் போய்விடலாம், அவர் இல்லாமலேயே காரியம் நடக்கும் என்பதுதான் உலகெங்கும் பொதுவான வழக்கம். பலர் ஒரே சமயத்தில் ஒரே இயந்திரத்தின்முன் அமரும் ஏற்பாட்டை எம்.ஐ.டி.யில் கார்பட்டோ என்பவர் 1961-இலேயே செய்து காட்டியிருந்தார். யார் இருக்கிறார், யார் எழுந்து போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்கும் தலைவலியும் அதனோடு வந்தது.

'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்துக் கட்டளையைக் கொடுத்து, அந்த ஐந்து வரிகளிலும் முகவரியையும், சும்மா இருக்கும் நேரத்தையும் பாருங்கள். ஐந்தும் தங்கள் அலுவலக முகவரியாகவே இருந்து, நான்கு மட்டும் நெடுநேரம் அசைவற்றிருந்தால், அவை மின்சாரம் போனபோது செத்த இணைப்புகளின் ஆவிகள். மின்வெட்டில் அணைந்த கணினி விடைபெற்றுக்கொண்டு போவதில்லை. ஆகையால் சர்வர், லினக்ஸின் சாதாரண ஏற்பாட்டின்படி, ஏறக்குறைய 2 மணி 11 நிமிஷம் காத்திருந்த பிறகுதான் மறுமுனையில் ஆளில்லை என்ற முடிவுக்கு வருகிறது. எஸ்.எஸ்.எச். அமைப்பில் 'கிளையண்ட்அலைவ்இன்டர்வல்' என்பதை 60 விநாடியாகவும், 'கிளையண்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ்' என்பதை 5 ஆகவும் வைத்தால், அந்தக் காத்திருப்பு 5 நிமிஷமாகக் குறையும். அதற்கும் கீழே இறங்க வேண்டாம். தங்கள் ஊரின் இணையம் தடுமாறும் வேளைகளில் உயிருள்ள செஷனும் அறுபடும். முகவரிகள் வெவ்வேறாக இருந்தாலோ, கடவுச்சொல் பலருக்குத் தானமாகியிருக்கலாம்; அந்த வியாதிக்குக் கட்டளையில் மருந்தில்லை.

மூன்றாவது விஷயத்தில், தாங்கள் செய்தது பெரும்பாலோர் செய்வதே. 'கில்' என்ற கட்டளை, பெயரைப் போலன்றி, பிராசஸுக்கு ஒரு சமிக்ஞை அனுப்புவது மாத்திரமே. எண் எதுவும் சொல்லாவிட்டால் 15 போகும், அது விண்ணப்பம், பிராசஸ் தன் கோப்புகளை மூடி, கணக்கை ஒப்படைத்துவிட்டு விலக அவகாசம் உண்டு. 9 அப்படியல்ல, அது பிராசஸின் காதுக்கே எட்டாது, லினக்ஸின் உட்கருவான கர்னல் நேரே அதை அழித்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பிராசஸ் உண்டு. எல்லாம் ஒரு பொது நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றுள் ஒன்று முன்னறிவிப்பின்றி மாய்ந்தால், அது எழுதிக்கொண்டிருந்த இடத்தை எந்த நிலையில் விட்டுச் சென்றதோ என்று ஐயுறும் தலைமைப் பிராசஸ், மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி, தன் குறிப்பேட்டைக் கொண்டு தரவுகளைச் சீர்செய்த பிறகே கதவைத் திறக்கும். ஆக, எல்லோருடைய இணைப்பும் அறுந்தது கோளாறன்று. தங்கள் கணக்குகளைக் காத்த நடவடிக்கை. உறுதி செய்யப்பட்ட பதிவுகள் பத்திரமாகவே இருக்கும். பாதியில் நின்றவை மட்டும் மறுபடி எழுதப்பட வேண்டும். இனி அப்படி நேர்ந்தால், தரவுத்தளத்துக்குள்ளேயே 'பிஜி_கேன்சல்_பேக்எண்ட்' கொடுத்து அந்தப் பிராசஸ் நடத்தும் வினவலை மட்டும் ரத்து செய்து பாருங்கள், கேளாவிட்டால் 'பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட்'. 9-ஐத் தரவுத்தளத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று. 'டாப்' கட்டளையின் திரையில் 'டி' என்ற எழுத்துடன் நிற்கும் பிராசஸ்கள் பெரும்பாலும் வட்டுக்காகக் காத்திருப்பவை. 9-உம் அவற்றை உடனே அசைக்காது. 'இசட்' என்று நிற்பவை முன்னமே செத்தவை. அவற்றை மறுபடி கொல்ல முயல்வது வீண்.

மாதக் கடைசிப் பட்டியல் போன்ற நீண்ட வேலைகளை மட்டும் 'டிமக்ஸ்' என்ற நிரலுக்குள் தொடங்கும்படி தங்கள் குமாஸ்தாக்களிடம் சொல்லிவையுங்கள். மின்சாரம் போய்ச் செஷன் அறுந்தாலும் பட்டியல் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு வந்தபின் 'டிமக்ஸ் அட்டாச்' என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்தே பார்க்கலாம்.