மெழுகு பூசிய மண்ணும் மாறும்

போர் போட்டு எடுத்த களிமண்ணைக் குழாயோடு மெழுகு ஊற்றி அடைத்துவிட்டால் போதும், எப்போது திறந்து சோதித்தாலும் ஒரே முடிவுதான் வரும் என்று கட்டுமானத் தளங்களில் பலர் நம்புகிறார்கள். மெழுகின் வேலை ஈரத்தைக் காப்பது மட்டுமே. அதையும் எல்லா மெழுகும் ஒழுங்காகச் செய்வதில்லை. வெறும் பாரஃபின் ஆறும்போது சுருங்கிக் குழாய்ச் சுவரை விட்டு விலகும். சரி, ஒரு சொட்டு நீரும் வெளியேறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உள்ளே மண் மாறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் மேல்மண்ணின் சுமையைத் தாங்கி இறுகிக் கிடந்த களி, வெளியே வந்ததும் உப்பப் பார்க்கும். துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் உறிஞ்சு இழுவைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. குழாய் இறங்கும்போது அதன் சுவரில் உரசிய ஓரப்பகுதி குலைந்திருக்கும். அங்கிருந்து நீர் மெல்ல நடுப்பகுதிக்கு நகர, நடுப்பகுதி உப்பி, இழுவையை இழந்து, வலுக் குறைகிறது. மொத்த ஈரப்பதத்தை அளந்தால் எடுத்த அன்றைய எண்ணே வரும். வலுவை அளந்தால் வராது. இரும்புக் குழாய் துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக்கொண்டால், மாதிரியைத் தள்ளி எடுப்பதே இன்னொரு குலைப்பாகிவிடும்.

வலுவைக் குறைத்துக் காட்டினால் நல்லதுதானே, அடித்தளம் கூடுதல் பாதுகாப்பாக அமையுமே என்று கேட்கலாம். பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் இதை ஏற்கலாம். அடைப்பு கசிந்து உலர்ந்த களி, உள்ளதைவிட வலுவாகத் தெரியும். லாரியில் குலுங்கி வந்த தளர்மணல் அடர்ந்துபோயிருக்கும். அமுக்கச் சோதனையில் சிக்கல் இன்னும் பெரிது: குலைந்த களி சிறு சுமையிலேயே அதிகம் அமுங்கும், பெருஞ்சுமையிலோ அதன் சுமை-அமுக்கக் கோடு சரிவு குறைந்து காணப்படும். இந்தக் கோட்டைத் திருத்த ஜான் ஷ்மெர்ட்மன் 1955இல் ஒரு வழி சொன்னார். ஆனால் மிகவும் குலைந்த மாதிரியைத் திருத்தம் மீட்டுத் தராது. கட்டடம் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கு எந்தப் பக்கம் பிசகும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பையில் கட்டி வரும் குலைந்த மண்ணுக்கு இந்தக் கவலை வேண்டாம் என்பது பாதி உண்மை. அதை எடுத்து வரும் எஸ்.பி.டி. (தரநிலை ஊடுருவல் சோதனை) ஸ்பூனின் வெளிவிட்டம் சுமார் 51 மி.மீ., உள்விட்டம் 35 மி.மீ.; மண்ணுக்கு விட்ட இடத்தைவிட இரும்பு எடுத்துக்கொண்ட இடம் அதிகம். அந்த மண்ணை வைத்து யாரும் வலுவை அளக்கப் போவதில்லை, சலித்துப் பார்க்க அது போதும். ஆனால் காய்ந்தால் என்ன, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பழையபடி ஆகிவிடும் என்பது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. ஓவனில் உலர்த்திய பின் ஒரு களியின் நீர்ம எல்லை (அது கூழாக ஓடத் தொடங்கும் ஈர அளவு), உலர்த்தாதபோது இருந்ததில் முக்கால் பங்குக்கும் கீழே இறங்கினால், அதைக் கரிமக் களி என்று வகைப்படுத்துகிறோம். உலர்ந்த கரிம மண் பழைய நிலைக்குத் திரும்பி வருவதில்லை என்பதே அந்தச் சோதனையின் அடிப்படை.

ஆய்வுக்கூடங்களில் வேலை குவிந்திருக்கும், எல்லாவற்றையும் உடனே சோதிக்க முடியாது என்பது நியாயம்தான். அப்படியானால் மென்களிக் குழாய்களை முதலில் திறக்கலாம், மற்றவற்றைத் தகரக் கொட்டகையில் போடாமல் நிழலில், நிலத்தில் இருந்த வாக்கிலேயே செங்குத்தாக நிறுத்தலாம். அறிக்கையில் துளை எண்ணுக்கும் ஆழத்துக்கும் பக்கத்தில் மாதிரி எடுத்த நாளையும் சோதித்த நாளையும் போட இன்னும் இரண்டு கட்டங்கள் போதும்.