ஊழிய நிரம்பல்: வைத்தியர்களின் கட்டணமும் வேலை நேரமும்

ஊழிய நிரம்பல் என்றால் வேலை செய்வோரின் தொகை என்று பல மாணவர் எழுதிவிடுகின்றனர். இது பாதி விடையே. ஆட்களின் தொகையோடு ஒவ்வொருவரும் வேலை செய்யும் மணித்தியாலங்களையும் சேர்த்தே நிரம்பலைக் கணிக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்க வைத்தியர்கள் பற்றி டக்ளஸ் ஸ்டைகரும் வேறு இரு ஆய்வாளரும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணமாகும். 1996–1998 காலத்தில் வைத்தியர் ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக 54.9 மணித்தியாலங்கள் வேலை செய்தார். 2006–2008 இல் இது 51 ஆகக் குறைந்தது. பயிற்சி வைத்தியர்களின் நேரம் 2003 இல் விதிகளால் மட்டுப்படுத்தப்பட்டமை இதற்கு ஒரு காரணம். ஆயினும் அவர்களை நீக்கிப் பார்த்தாலும் ஏனையோரின் வேலை நேரம் 5.7 சதவீதத்தால் குறைந்திருந்தது. 2007 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 630,000 வைத்தியர்கள் இருந்தனர். அதில் 5.7 சதவீதத்தைக் கணித்துப் பாருங்கள். 36,000 அளவில் வரும். ஒருவரும் தொழிலை விட்டு விலகாமலேயே 36,000 வைத்தியர்களை இழந்ததற்கு இது சமனாகும். ஒரு வைத்தியரை உருவாக்க எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதையும், வாசலில் காத்திருக்கும் நோயாளியையும் நினைத்தால் இவ்விழப்பின் அளவு விளங்கும்.

நேரம் ஏன் குறைந்தது? பணவீக்கத்துக்குச் சீராக்கிப் பார்க்கையில், 1995–2006 காலத்தில் வைத்தியர்களின் கட்டணம் 25 சதவீதத்தால் வீழ்ந்தது. கட்டணம் குறையும்போது ஓய்வின் அமையச் செலவும் குறைகின்றது. எனவே வேலையைக் குறைத்து ஓய்வை நாடுவர். இது பதிலீட்டு விளைவு. மறுபுறம், குறைந்த வருமானத்தை ஈடுசெய்யக் கூடுதலாக உழைப்போரும் உளர். இது வருமான விளைவு. எது மேலோங்கும் என்பதைக் கோட்பாடு மட்டும் கூறாது, தரவுகளே காட்ட வேண்டும். 2001 இல் கட்டணம் மிகக் குறைந்த நகரப் பகுதிகளில் வேலை நேரம் 49 மணித்தியாலங்களுக்கும் குறைவு. ஏனைய இடங்களில் 52க்கும் அதிகம். இங்கு பதிலீட்டு விளைவின் சாயலே தெரிகின்றது. எனினும் இரண்டும் ஒன்றாகக் குறைந்தமையை மட்டும் வைத்து, "கட்டணமே காரணம்" என்று விடையில் அடித்து எழுத வேண்டாம்.

பயிற்சி வினா: ஓர் ஊரில் 10 வைத்தியர்கள் வாரத்துக்கு 54 மணித்தியாலங்கள் வீதம் வேலை செய்தனர். பின்னர் 11 பேர் 48 மணித்தியாலங்கள் வீதம் வேலை செய்தனர். ஊழிய நிரம்பல் கூடியதா, குறைந்ததா? கணித்துக் காட்டுக.