ஒவ்வாத உணவு

திருத்தணிகை மலையின் 365 படிகளையும் ஏறி முருகனை வணங்குவோர் பஞ்சாமிர்தத்தைப் பெரும்பேறாகக் கொள்வர். ஆயினும், வெல்லமும் உலர்ந்த திராட்சையும் கலந்த பண்டம் சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். காரணம் யாது? வெல்லம் வெளுக்கவும், பழம் நிறம் மாறாதிருக்கவும் சல்பைட்டு என்னும் கந்தகச் சேர்மங்களைச் சேர்ப்பதுண்டு. ஆஸ்துமா நோயுடையோருள் ஒரு சாரார்க்கு அவை ஒவ்வா.

இத்தகையோர்க்கு விழிப்பே காவல். உணவுறையில் அச்சிட்ட சேர்பொருள் பட்டியலில் 220 முதல் 228 வரையுள்ள எண்கள் சல்பைட்டைக் குறிக்கும். ஒரு கிலோகிராம் உணவில் 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் உறையில் அறிவித்தல் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்திய விதி. உறையில்லாப் பண்டத்தைக் கேட்டறிந்தே உண்ணல் வேண்டும்.

மாணவர்களே! பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உண்ணாது பிறர்க்கு அளிப்பவரைப் பக்தியிலார் என்று இகழாதீர். அவர் தம் உயிர்மூச்சைக் காக்கின்றார்.