தட்டிப் பார்க்கும் தேடுபொறி

மண்பானை வாங்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது என்று பொருள். இணையத்தில் கோடிக்கணக்கான பக்கங்கள் உள்ளன. அவற்றுள் நல்லது எது, கீறல் விழுந்தது எது என்று கூகுள் போன்ற தேடுபொறிகள் எப்படிக் கண்டுபிடிக்கின்றன? ஏமாற்ற முயன்ற தளங்களுக்கு என்ன நேர்ந்தது? இவற்றை இங்கே காண்போம்.

இணைப்பு என்பது ஒரு வாக்கு

ஒரு வலைப்பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்ல உதவும் சுட்டியே இணைப்பு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் இந்த இணைப்பை ஒரு வாக்காகக் கருதினர். பலர் சுட்டிக்காட்டும் பக்கம் நல்ல பக்கம். மதிப்புள்ளவர் சுட்டிக்காட்டினால் அது இன்னும் நல்ல பக்கம். 1998இல் அவர்கள் வெளியிட்ட இம்முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 100 புளியங்கொட்டைகளும் மூன்று நண்பர்களும் போதும். மங்கலம்பேட்டையில் ஒரு பள்ளிக்கும், ஒரு நூலகத்துக்கும், ஒரு பீங்கான் கடைக்கும் ஆளுக்கொரு வலைப்பக்கம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பள்ளியின் பக்கம் கடையையும் நூலகத்தையும் சுட்டுகிறது. கடை நூலகத்தைச் சுட்டுகிறது. நூலகம் பள்ளியைச் சுட்டுகிறது.

கொட்டைகளை மூவருக்கும் எப்படி வேண்டுமானாலும் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அவரவர் தம்மிடம் உள்ளவை அனைத்தையும் தாம் சுட்டும் பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பள்ளி மட்டும் இரண்டாகப் பங்கிட்டுக் கொடுக்கும். ஒற்றைப்படை வந்தால் மிஞ்சிய ஒன்றை முறைவைத்துக் கொடுக்கலாம். பத்துப் பன்னிரண்டு சுற்றுகள் முடிந்ததும் பள்ளியிடம் ஏறத்தாழ 40, கடையிடம் 20, நூலகத்திடம் 40 இருக்கக் காண்பீர்கள். சரிபார்ப்போமா? பள்ளி தன் 40ஐ 20, 20 ஆகப் பிரித்துக் கொடுக்கிறது. கடை தன் 20ஐ நூலகத்துக்குத் தருகிறது. நூலகம் 20 + 20 = 40 பெற்று அதைப் பள்ளிக்குத் தருகிறது. கணக்கு நிலைபெற்றுவிட்டது. இந்த எண்களே அப்பக்கங்களின் மதிப்பு.

போலிகள் நுழைந்த வழி

உண்மையான பேஜ்ரேங்க் கணக்கில் இன்னொரு விதியும் உண்டு. வாசகர் எப்போதும் இணைப்பைப் பிடித்துக்கொண்டே போவதில்லை. சலித்துப்போய் ஏதோ ஒரு பக்கத்துக்குத் தாவுவதும் உண்டு. அதற்காக ஒவ்வொருவரும் தம் மதிப்பில் 15 விழுக்காட்டைப் பொதுவில் போட வேண்டும். அது எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். மீதி 85 விழுக்காடு இணைப்புகளின் வழியே போகும்.

இப்போது பீங்கான் கடைக்காரர் 97 வெற்றுப் பக்கங்களை உண்டாக்கி, எல்லாவற்றையும் தம் கடையைச் சுட்டச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 பக்கங்கள், மொத்த மதிப்பு 100. பொதுவில் சேர்ந்த 15ஐ 100 பக்கங்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.15 வரும். வெற்றுப் பக்கத்தை யாரும் சுட்டாவிட்டாலும் இந்த 0.15 அதற்கு உண்டு. அதில் 85 விழுக்காடு, அதாவது 0.1275, கடைக்குப் போகிறது. 97 பக்கங்களுக்கும் சேர்த்துப் பெருக்கினால் ஏறத்தாழ 12.4! சரக்கின் தரம் சிறிதும் உயரவில்லை. மதிப்பு மட்டும் உயர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட போலிக் கூட்டத்தை இணைப்புப் பண்ணை என்பர்.

இதற்கு ஒரு மாற்று வழியைக் கண்டவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற கிருஷ்ண பரத். 1998இல் அவரும் மோனிகா ஹென்சிங்கரும், இணைப்புகளைக் கொண்டு தரம் பார்க்கும் மற்றொரு முறையை ஆராய்ந்து ஓர் எளிய திருத்தத்தைச் சொன்னார்கள். ஒரே தளத்தின் பல பக்கங்கள் ஒரே பக்கத்தைச் சுட்டினால் அவை அனைத்துக்கும் சேர்த்து ஒரே வாக்கு. நம் 97 பக்கங்களும் ஒரே தளத்தில் இருந்தால் ஒவ்வொன்றின் வாக்கும் 97இல் ஒரு பங்குதான். ஒரே வீட்டார் சொல்லும் புகழ்ச்சியை ஊரார் புகழ்ச்சியாக எண்ணக் கூடாது என்பதே இதன் கருத்து.

தண்டனை வந்த கதை

ஏமாற்றுவோர் சும்மா இருப்பார்களா? வெவ்வேறு தளங்களில் பணம் கொடுத்து இணைப்புகளை வாங்கத் தொடங்கினார்கள். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய அங்காடி நிறுவனமான ஜே.சி.பென்னி இவ்வாறு பிடிபட்டது. அதன் வணிகத்தோடு தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிக்கொணர்ந்தது. ஒரு வகைப் பயணப் பெட்டியைத் தேடியபோது முதல் இடத்தில் வந்துகொண்டிருந்த அந்நிறுவனம், கூகுள் நடவடிக்கை எடுத்த இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்கு இறங்கியது. இணைப்புகளைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று கூறிய நிறுவனம், தான் அமர்த்தியிருந்த ஆலோசகர்களை நீக்கியது. ஆனாலும் சரிந்த இடம் சரிந்ததுதான். கூலிக்கு அமர்த்தியவர் செய்த பிழையும் தளத்தின் தலையிலேயே விழும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் 'பென்குயின்' என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது. மனிதர் ஒவ்வொரு தளமாகப் பார்க்காமலேயே, போலி இணைப்புகளை நம்பிய தளங்களைக் கணிப்பொறியே கீழே இறக்கியது. 2016இல் இது தேடுபொறியின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது. அதுமுதல் போலி இணைப்புகளின் மதிப்பை நீக்கிவிடுவதே பெரும்பாலும் அதன் வழி. அப்போது கொடுத்த காசு வீண். குற்றம் பெரிதானால் மனிதர் பார்த்து விதிக்கும் தண்டனையும் உண்டு. தேடல் முடிவிலிருந்து தளம் அடியோடு மறையவும் கூடும்.

விளம்பரத் தளங்களுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

தமிழ்ப் பக்கங்கள் கூகுளின் ஆட்சென்ஸ் வழியே விளம்பரம் பெறும் வசதி 2018 பிப்ரவரியில் வந்தது. அதன்பின் சமையல், வேலைவாய்ப்பு, பாடக்குறிப்பு என்று சிறு தளங்கள் நடத்தும் பலருக்கு இது ஒரு வருமான வழியாயிற்று. கடைக்காரருக்குத் தேடுபொறி கைவிட்டாலும் தெருவில் வருகிற வாடிக்கையாளர் உண்டு. விளம்பரத்தை மட்டும் நம்பிய தளத்துக்கோ வருகிற வாசகரே வருமானம்.

ஒரு கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்கு 1,000 வாசகர். அவர்களுள் 700 பேர் தேடுபொறி வழியே வருகிறார்கள். தண்டனையால் இந்த 700இல் பத்தில் ஒன்பது பங்கு போனால் 70 பேரே மிஞ்சுவர். மற்ற 300 பேரைச் சேர்த்தால் 370. வருமானமும் ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறையும். "ஆயிரம் இணைப்புகள், மலிந்த விலை" என்று அழைக்கும் விளம்பரம் இந்த இழப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அப்படியானால் இணைப்புக்குப் பணம் வாங்குவதே தவறா? இல்லை. விளம்பரம் விளம்பரமாகத் தெரிய வேண்டும், அவ்வளவே. பணம் பெற்று வைத்த இணைப்பை வாக்காக எண்ண வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்ல 'நோஃபாலோ' என்ற குறி 2005 முதலும், 'ஸ்பான்சர்டு' என்ற குறி 2019 முதலும் வழக்கில் உள்ளன. பிறர் சேர்த்துவிட்ட கெட்ட இணைப்புகள் தமக்கு உடன்பாடானவை அல்ல என்று தளத்தார் கூகுளுக்கு அறிவிக்கும் வசதியும் 2012இல் வந்தது. மனிதர் விதித்த தண்டனைக்கு ஆளானவர், பிழையைத் திருத்திக்கொண்டு மறுபரிசீலனை கேட்கலாம். ஆனால் இழந்த வாசகர் உடனே திரும்புவார் என்ற உறுதி இல்லை.

நாளை உங்களுள் ஒருவர், விருத்தாசலம் வட்டாரத்துப் பீங்கான் தொழிலைப் பற்றித் தமிழில் ஒரு தளம் தொடங்கலாம். களிமண்ணை எப்படிப் பதப்படுத்துகிறார்கள், மெருகு எப்படி ஏறுகிறது, சூளையில் என்ன நிகழ்கிறது என்பவற்றை நேரில் கேட்டுப் படங்களுடன் எழுதுங்கள். அதைப் படிக்கிற ஆசிரியர் ஒருவர் தம் மாணவருக்காக ஓர் இணைப்புத் தருவார். அந்த ஒன்று, காசு கொடுத்து வாங்கிய ஆயிரத்தைவிட மேலானது. புளியங்கொட்டைக் கணக்கில் மதிப்புள்ள பள்ளி கொடுத்த ஒரே வாக்கால் கடைக்கு 20 கிடைத்ததை நினைவில் கொள்ளுங்கள்.