அந்த நாலரை லட்ச ரூபாய்

அருள்புரம்

அன்புக் கண்ணுக்கு,

லண்டனில் கொரோனா வைரஸை வேண்டுமென்றே மூக்கில் விட்டுக்கொண்டவர்களுக்கு நாலரை லட்ச ரூபாய் கொடுத்தார்களாமே, அப்படியொன்று நம் பக்கம் வந்தால் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். போ என்றோ போகாதே என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செய்தி உண்மைதான். 2021 மார்ச்சில் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் அதைத் தொடங்கினார்கள். தடுப்பூசி போடாத, அதுவரை கொரோனா வராத 36 இளைஞர்கள். அளந்து எடுத்த மிகச் சிறிய அளவு வைரஸைச் சொட்டாக மூக்கில் விட்டார்கள். இரண்டு பேர் கணக்கில் சேரவில்லை; மீதி 34 பேரில் 18 பேருக்குத் தொற்று வந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்து வரவில்லை. ஆனால் பெரும்பாலோருக்கு மோப்பம் மங்கியது, சிலருக்கு அது சரியாக மாதக்கணக்கில் ஆனது. இதையும் சேர்த்தே நீ யோசிக்க வேண்டும்.

எதற்காக இப்படி? உங்கப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அது கம்பெனி செக்கிங் மேசையில் பக்கத்தில் நின்றவரிடமிருந்து ஒட்டியதா, பல்லடம் பஸ்ஸில் ஒட்டியதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆள் ஆஸ்பத்திரிக்கு வரும்போது நோயின் பாதிக் கதை முடிந்திருக்கும். லண்டனில் முதல் மணியிலிருந்தே பார்த்தார்கள். சுமார் 40 மணி நேரத்தில் தொண்டையில் வைரஸ் தென்பட்டது. மூக்கில் அதற்கும் பிறகு, 58 மணி வாக்கில். ஆனால் ஐந்தாம் நாளையொட்டி உச்சத்துக்குப் போனபோது தொண்டையைவிட மூக்கில்தான் அதிகம். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு நம் ஊரில் எத்தனை பேர் திரிந்தார்கள், நினைத்துப் பார். இன்னொன்று என்னை மலைக்க வைத்தது: காற்றில் கலந்த வைரஸில் 86 சதவீதம் அந்த 18 பேரில் வெறும் இரண்டு பேரிடமிருந்து வந்தது. காய்ச்சலும் இருமலும் கடுமையாக இருப்பவர் உடம்பில்தான் வைரஸ் அதிகம் என்ற கணக்கும் அங்கே நிற்கவில்லை.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ஹைதராபாத் பாரத் பயோடெக்கின் டைபாய்டு தடுப்பூசியை ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் நூறு பேரிடம் இப்படித்தான் சோதித்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு, பிறகு டைபாய்டு கிருமியைக் குடித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. அந்த ஊசி இன்று பல நாட்டுக் குழந்தைகளுக்குப் போகிறது. நம் ஊசிக்காக அவர்கள் குடித்தார்கள். ஆனால் சின்ன வயதிலிருந்தே பலவிதக் கிருமிகளோடு பழகிய உடம்பு நம்முடையது, அவர்கள் உடம்பு அப்படியல்ல. அங்கே கண்டது இங்கே அப்படியே பொருந்துமா? வேலூர் சி.எம்.சி.யில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த ககன்தீப் காங் போன்றவர்கள், இந்த ஆய்வுகள் இந்தியாவிலும் நடக்க வேண்டும் என்று சொல்லி வருகிறார்கள். அதை நான் ஏற்கிறேன்.

என் கவலை பணத்தைப் பற்றியது. சுமங்கலித் திட்டம் என்று கேள்விப்பட்டிருப்பாய். நூல் மில் விடுதியில் மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்தார்கள். நடுவில் உடம்பு முடியாமல் போனாலும் கிளம்ப முடியாது. கிளம்பினால் தொகை கைக்கு வராது. கையெழுத்துப் போட்டு விருப்பத்தோடு சேர்ந்தவர்கள்தான் அவர்களும். சேரும்போது சொன்ன சம்மதம் மட்டும் போதாது கண்ணு. நடுவில் வேண்டாம் என்று சொன்னாலும் இருந்த நாளுக்கான காசு கைக்கு வர வேண்டும்.

ஆனால் வைரஸ் ஆய்வில், நடுவில் வேண்டாம் என்று சொல்வதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மூக்கில் வைரஸை வைத்துக்கொண்டு ஒருவர் "போதும், வீட்டுக்குப் போகிறேன்" என்றால்? ரத்தம் எடுக்காதே என்று அவர் மறுக்கலாம். ஆனால் தொற்று தீரும்வரை வெளியே விட முடியாது. வீட்டில் பாட்டி இருப்பாள், லைன் வீட்டில் பக்கத்து அறையில் ஒடிசாப் பையன்கள் இருப்பார்கள். இதை உள்ளே போவதற்கு முன்பே அவரவர் தாய்மொழியில், நிதானமாகச் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023 ஜூலையில் இத்தகைய ஆய்வுகளுக்கான அறநெறி வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. அப்படி ஓர் ஆய்வின் சம்மதத் தாள் உன் கைக்கு வந்தால் முதலில் இந்த இரண்டு இடங்களைத் தேடு: பாதியில் நிறுத்தினால் பணம் என்ன ஆகும், ஒரு வருஷம் கழித்து ஏதாவது வந்தால் யார் பார்ப்பார்கள்.

லீவுக்கு வரும்போது இதை உங்கப்பாவிடமும் கேள். பீஸ் ரேட்டில் ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் சனிக்கிழமை வீட்டில் என்ன ஆகும் என்று தெரிந்தவர் அவர். எவ்வளவு பணம் கொடுத்தால் ஒருவரால் "முடியாது" என்று சொல்லவே முடியாமல் போகும் என்பதை என்னைவிட அவர் சரியாகச் சொல்வார்.

அன்புடன்,
அத்தை