மரச்சீனி நிலம் சொல்லும் கணக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் நிறுவிய சாலைக் கடைத்தெருவில், சேனை, சேம்பு, சிறுகிழங்கு ஆகியவற்றோடு மரச்சீனிக் கிழங்கும் குவிந்திருப்பதை நாம் காண்கிறோம். மலையாளத்தில் கப்பை என்றும், சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும் வழங்கும் இப்பயிரைத் திருவிதாங்கூரில் பரவச் செய்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது, இம்மக்களின் பசியாற்றியது இக்கிழங்கே.

இதனை ஆராயும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், இதே நகரின் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தில் பல ஆண்டுகள் மரச்சீனியையே பயிரிட்டு அங்கு நடத்தப்பட்ட ஆய்வுகள், வேளாண் கடன் பெறும் நம் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய செய்தியைத் தருகின்றன.

மண்ணில் தங்குவதும் நீங்குவதும்

இப்பகுதியின் செம்புறை மண் அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றிக்கொள்கின்றன. பயிரின் தேவையோ குறைவு. ஆதலால் ஆண்டுதோறும் இடும் மணிச்சத்து மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. சாம்பல் சத்தின் நிலை இதற்கு நேர்மாறு. கிழங்கோடு பெருமளவில் வெளியேறும் அதனை ஈடு செய்யாவிடில் விளைச்சல் படிப்படியாகக் குன்றும்.

எனவேதான், எக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் ஒவ்வொன்றும் 100 கிலோ என்றிருந்த பரிந்துரையில் மணிச்சத்து மட்டும் 50 கிலோவாகக் குறைக்கப்பட்டது. இதனுடன் 12.5 டன் தொழு உரமும் இட வேண்டும். 16 சதவீத மணிச்சத்துள்ள சூப்பர் பாஸ்பேட்டில் கணக்கிட்டால், குறைந்த 50 கிலோ என்பது ஏறத்தாழ 312 கிலோ உரம். அதாவது 50 கிலோ மூட்டைகள் ஆறுக்கும் மேல். பழைய வழக்கப்படியே உரமிடுபவர், கடன் வாங்கி, வேண்டாத சத்தை மண்ணில் புதைக்கிறார். வேண்டிய சத்துக்குக் கையில் பணமின்றி நிற்கிறார்.

தொழு உரம் கிடைக்காத இடத்தில், நடவுக்கு முன் தட்டைப்பயறு விதைத்து மடக்கி உழுவது நல்ல மாற்று. அறுவடைக்குப் பின் இலைகளை நிலத்திலேயே விடுவதும் சத்தைத் திரும்பச் சேர்க்கும். சாம்பல் சத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஸ்ரீ பவித்ரா என்னும் இரகத்தையும் இந்நிறுவனம் வெளியிட்டுள்ளது.

கடனுக்கு முன் மண் பரிசோதனை

ஒவ்வொரு நிலமும் ஒரே வகையாய் இராது. 2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம், அமிலத்தன்மை உட்பட 12 அளவீடுகளைத் தருகிறது. மாதிரி எடுக்கையில் வரப்பு, எருக்குழி, மர நிழல் ஆகிய இடங்களைத் தவிர்க்கவும். பல இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிக் கலந்து, அதில் அரைக் கிலோவை ஆய்வகத்திற்கு அனுப்பலாம்.

பயிர்க்கடன் பெற வரும்போது அந்த அட்டையையும் உடன் கொண்டு வருமாறு வேண்டுகிறோம். செலவுத் திட்டத்தை அதன்படி வகுத்தால், வாங்கும் கடன் தேவைக்கேற்ப அமையும்; உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவதும் எளிதாகும். கடன் ஓராண்டில் தீர்ந்துவிடும். நிலமோ நம் பிள்ளைகளுக்கும் சோறிட வேண்டியது. அதன் கணக்கையும் ஆண்டுதோறும் சரிபார்த்துக்கொள்வோம்.